தாய்மாமனுக்கு அனுமதி இல்லை

"நான் குழந்தையோட தாய்மாமன். என்னையே உள்ள விடமாட்டீங்களா?" பச்சிளம் குழந்தைகள் பிரிவின் வாசலில் நின்று சத்தம் போட்டான் அவன்.

"ஃப்ளூ ஊசி போட்டீங்களா?" என்றாள் நர்ஸ் மறுபடியும்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசு. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுறேன். எனக்கெதுக்கு ஊசி?"

"உள்ள இருக்கிற குழந்தை ஒன்றரைக் கிலோதான் சார்."

"என்னை விடக்கூடாதுன்னு சொன்னவங்களைக் கூப்பிடுங்க. நாலு வார்த்தை கேட்கணும்."

நர்ஸ் உள்ளே போனாள். சற்று நேரத்தில் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து நின்றது, அவனுடைய அக்கா.

"பாருக்கா, இவங்க..."

"நான்தான் விடவேண்டாம்னு சொன்னேன்." அவள் கோபமாகச் சொன்னாள்.

"நல்லாத்தானேக்கா இருக்கேன்?"

"போன மாசம் என் வீட்டுல இருமிக்கிட்டே இதையேதான் சொன்னே. நீ ரெண்டே நாள்ல எழுந்துட்டே. மூணாம் நாள் நான் படுத்தேன். குழந்தை ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்ததுக்கு அந்தக் காய்ச்சல்தான் காரணம்னு டாக்டர் சொன்னார். உன் மனசு நோகக்கூடாதுன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டான்: "இப்பவே ஊசி போட்டுக்கிட்டா விடுவீங்களா?"

"அது வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும் சார்."