ஏழாம் குழாய்

“என் கை சுத்தமில்லன்னா நேராவே சொல்லிடுங்க மேடம். எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?”

ஆய்வுக்கூட உதவியாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டாள். ஆராய்ச்சியை நடத்தும் மேடம், சோதனை மெஷினுக்கும் ஜன்னலுக்குமாகக் குட்டி போட்ட பூனை போல அலைந்துகொண்டிருந்தார்.

சினைப்பைக் கட்டிகளுக்குள் குடியிருக்கும் கிருமிகளுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத பெண்களின் மாதிரியும் வேண்டும். கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், எதிர்க்கடைக்காரம்மா என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆள் சேர்த்தார்கள். மாதிரியை டாக்டர் எடுத்து அனுப்புவார். குழாயில் எண் மட்டும் இருக்கும், பெயர் டாக்டருக்குத்தான் தெரியும்.

அவற்றில் ஏழாம் குழாயில், கட்டிகளில் இருக்கும் அதே கிருமிக் கூட்டம் அச்சு அசலாக இருந்தது.

உடனே மேடம் டாக்டரிடம் போனில் பேசினார். அதிலிருந்து அந்தக் குழாயை இவளைத் தொடவே விடவில்லை. தானே சோதித்தார், மறுபடியும் சோதித்தார். தன் கைப்பட்டுத்தான் கிருமி கலந்துவிட்டது என்று சந்தேகப்படுகிறார் என இத்தனை வருஷம் மாடாய் உழைத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க கையிலயும் அதேதானே வந்திருக்கு? இப்பவாவது நம்புறீங்களா?”

“இதனாலதான் நோய் வருதான்னு நமக்கே இன்னும் தெரியாதும்மா. ஒண்ணுமே இல்லாமக்கூடப் போகலாம்.”

“ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிட்டுப் போகுது! கட்டுரை கெட்டுடும்னு ஒரு உயிரோட விளையாடுவீங்களா? அவளுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கும்ல?”

“இருக்கு. ரெண்டு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ யாருன்னு தெரிஞ்சேதான் சும்மா இருக்கீங்களா?”

“சொல்ல வாய் வரலைம்மா. மெஷின் தப்புன்னு ஒரு தடவையாவது வந்துடாதான்னு பார்த்தேன்.”

“நல்லா இருக்கு நியாயம்! உங்களால முடியலன்னா நான் சொல்றேன். இன்னிக்கே அவளைக் கையோட ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். சண்டை போட்டாவது கூட்டிட்டுப் போவேன்.”

மேடம் நடப்பதை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய அவளுடைய கைப்பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார்.

“நேரம் வாங்கி வெச்சிருக்கேன், கிளம்பு. நானும் கூட வர்றேன்” என்றார். “அந்த ஏழாம் குழாயில இருக்கிறது நீ கொடுத்ததுதாம்மா.”