ரெண்டு சுவர் தாண்டணும்

“பாய், விலை கம்மியா இருக்கணும். ஆனா ரெண்டு சுவர் தாண்டணும்,” என்றார் அம்மையப்பன், கடைக்குள் காலை வைப்பதற்கு முன்பே.

அசன் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து அவருக்கு அம்மையப்பனைத் தெரியும். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பென்டிரைவுக்கு மூன்று தடவை வந்து விலை விசாரித்துவிட்டு, நாலாம் தடவை வேண்டாம் என்று சொல்வதற்காகவே வந்தவர். அப்படிப்பட்டவர் இன்று மனைவி சண்முகசுந்தரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சும்மா வந்த மாதிரி தெரியவில்லை.

“என்ன அண்ணாச்சி தாண்டணும்?”

“வைஃபைதான் வே. ரூட்டர் ஒண்ணு எடும்.”

ஒற்றை ஆன்டெனா வைத்த சிறிய ரூட்டர் ஒன்றை எடுத்து வைத்தார் அசன் மைதீன். “இருக்கதுல இதுதான் மலிவு. ஆமா, கனெக்ஷன் குடுக்கவங்களே ஒண்ணு தருவாங்களே?”

“அது எங்க வரைக்கும் எட்டாது,” என்றாள் சண்முகசுந்தரி.

“ஹால்ல வச்சா உள்ரூம் வரைக்கும் வரும் மதினி.”

“ஹால்ல வச்சாலும் நாங்க ரெண்டு சுவருக்கு அங்கிட்டு இருக்கோம். நடுவுல கொஞ்சம் வெட்டவெளி வேற.”

பழைய காலத்து வீடு, நடுவில் முற்றம் இருக்கும் போல என்று அசன் மைதீன் நினைத்துக்கொண்டார். “அப்ப ஹால்லயே வந்து உக்காந்து பேசிக்கிட வேண்டியதுதான?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது சரிப்படாது,” என்றார் அம்மையப்பன்.

சண்முகசுந்தரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாய், எங்க மகேசுக்கு முப்பத்தாறு ஆவுது. போன மாசம் மஸ்கட்ல இருந்து ஒரு நல்ல இடம். பொண்ணோட அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் வீடியோவுல வந்து உக்காந்துட்டாங்க. என்ன வேலை பாக்கீங்க தம்பின்னு கேட்டாங்க. இவன் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்னுபோச்சு.”

“நெட்டு போயிட்டாக்கும்.”

“படம் மட்டும் போகல. அங்கன ரொம்ப நேரம் வாயைத் திறந்துக்கிட்டே இருந்திருக்கான். மறுநாள் தரகர் வந்து, பையன் எப்பவும் அப்படித்தானான்னு கேக்காங்கன்னு சொல்லுதாரு.”

அம்மையப்பன் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“வார ஞாயித்துக்கிழமை புனேயில இருந்து ஒரு இடம் பேசுதாங்க,” என்றாள் அவள். “போன்ல இருக்க நெட்டை நம்பி இதையும் விட்டுட்டா, இனி அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?”

அசன் மைதீனுக்கு மனசு கேட்கவில்லை. சின்னதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நாலு ஆன்டெனா வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். “இது தாண்டும் மதினி. வாங்குன விலைக்கே தாரேன். பையன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைங்க, போதும்.”

அம்மையப்பன் பேரம் பேசாமல் தலையாட்டினார். அதுவே அதிசயம். “இங்கனயே எல்லாம் போட்டு ரெடியாக் குடுத்திரும். பெட்டியைக் கிழிச்சிராதீரும், பையப் பிரியும்.”

“பாஸ்வேர்டு என்ன போடட்டும்?”

“நெல்லையப்பர்னு போடும். சாமி பேரை மாத்த யாருக்கும் துணிச்சல் வராது.”

மூன்று பேர் இருக்கிற வீட்டில் யார் மாற்றப்போகிறார்கள் என்று அசன் மைதீனுக்குத் தோன்றியது. கல்யாணக் கவலையில் இருக்கும் மனுசனிடம் அதையெல்லாம் கேட்பானேன் என்று விட்டுவிட்டார்.

சண்முகசுந்தரி தன் போனில் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். பிறகு போனும் கையுமாகப் படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்சாரி வளையல் கடைக்குள் நுழைந்தாள். வளையல் ஒன்றும் பார்க்கவில்லை. கடைக்கோடி வரை போய் நின்று, அங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள்.

“தாண்டுது,” என்றார் அம்மையப்பன். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“கனெக்ஷன் எப்ப வருது அண்ணாச்சி?”

“சனிக்கிழமை காலைல ஆள் வாரான்.”

“மாசம் எவ்வளவு பிளான்?”

“அதெல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்க.”

வெளியூரில் இருக்கும் மகளோ மருமகனோ கட்டுவார்கள் போல. குடுத்துவைத்தவர் என்று நினைத்தபடி, அசன் மைதீன் ரூட்டரைப் பெட்டிக்குள் வைத்து, பில்லையும் உள்ளே வைக்கப் போனார்.

“பில்லு வேண்டாம், அதை எங்க கையில குடும்,” என்று தடுத்தார் அம்மையப்பன். “விலை ஒட்டியிருக்குல்லா, அதையும் சுரண்டிரும். பூப்போட்ட தாள் இருந்தா மேல சுத்திக் குடும்.”

“உங்க வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு எதுக்கு அண்ணாச்சி பூப்போட்ட தாள்?”

“எங்க வீட்டுக்குன்னு யாரு வே சொன்னா? வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுல பால்காய்ப்பு. புதுசாக் கட்டிக் குடிவாராங்க, வெறுங்கையோட போய் நிக்க முடியுமா?”

வளையல் கடையிலிருந்து திரும்பி வந்த சண்முகசுந்தரி பெட்டியை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

“முதல்ல எல்லாரையும் போல சுவர்க்கடிகாரம்தான் குடுக்கலாம்னு இருந்தோம் பாய். ஆனா அது அவங்க வீட்டுக்கு மட்டும்தான மணி காட்டும்.”