அறுபத்தெட்டுதான் நியாயம்

டிவியில் மருத்துவக் காப்பீட்டு விவாதம். இலவச கார்டு எழுபது வயதானவர்களுக்குத்தான் என்றார் ஒரு கட்சிக்காரர். அறுபதிலேயே கொடு என்று மேஜையைத் தட்டினார் இன்னொருவர்.

“ரெண்டும் கிறுக்கு. அறுபத்தெட்டுதான் நியாயம்,” என்றார் மைசூரில் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக ரிட்டயரான மாணிக்கவாசகம்.

“உங்களுக்கு ஏன்ப்பா இந்தக் கவலை?” என்றான் மகன் கவின்ராஜ். “போன மாசம்தானே ஸ்ரீரங்கப்பட்டணத்துல உங்க எழுபதுக்கு ஹோமம் பண்ணினோம். போய் கார்டு வாங்குங்க.”

மாணிக்கவாசகம் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சமையலறையிலிருந்து அம்மா லீலா சொன்னாள்:

“இவரை ஸ்கூல்ல சேர்க்கறப்ப உன் தாத்தா ரெண்டு வயசு குறைச்சு எழுதிட்டார். அந்தப் புண்ணியத்துல இவர் ரெண்டு வருஷம் கூடவே வேலை பார்த்தார். ஆதார்லயும் அதே வயசுதான். அன்னிக்குத் தாத்தா குறைச்ச ரெண்டை, இன்னிக்கு கவர்மென்ட்டையும் குறைக்கச் சொல்றார்.”