பன்னிரண்டு பேருக்குப் பிறகு

கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும், பலகைச் சுவரில் யாரோ மெல்லத் தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு.

"பதிமூணு," என்றாள் முன்வரிசைச் சிறுமி ஷேரன்.

ஆசிரியை பிரமிளா வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். அதில் பன்னிரண்டு பெயர்கள்தான்.

"யாரு தட்டுனது?"

"அவதான் டீச்சர்," என்றான் ஜோனத்தன். "உங்களுக்குத் தெரியமாட்டா."

சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடி. பிரமிளா சொந்தமாக நடத்தும் பாலர் பள்ளி. பேய் இருக்கிறதாம் என்று இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் நாலு பேர் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"பழைய வீடுலா டீச்சர். எலியா இருக்கும்," என்றாள் கூட்டித் துடைக்கும் ஜெகதீஸ்வரி, தரையைப் பார்த்தபடி.

அன்றைய பாடம் சமத்துவம். பிரமிளா படங்களைக் காட்டினாள்.

"கறுப்போ சிவப்போ, நடக்க முடியுதோ முடியலையோ, எல்லாப் பிள்ளைக்கும் வகுப்புல இடம் உண்டு. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

பிள்ளைகள் பலகைச் சுவரைப் பார்த்தார்கள். ஷேரன் கையைத் தூக்கினாள்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர். அவளுக்குக் கேக்கல."

பிரமிளா சுவரைவிட்டு விலகி நின்றாள். மறுபடி சத்தமாகச் சொன்னாள். பிள்ளைகள் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் நிறுத்திய பிறகு, சுவருக்குள்ளிருந்து ஒரு சன்னக் குரல் தனியாகச் சொல்லி முடித்தது.

அவள் நேராக அந்தச் சுவருக்கு மறுபுறம், தாழ்வாரக் கோடியில் இருந்த சாமான் அறைக்குப் போனாள். ஜெகதீஸ்வரி ஓடிவந்து கதவை மறித்தாள்.

"வேணாம் டீச்சர்! உள்ள பாம்பு இருக்கும்."

"காலையில எலி, இப்ப பாம்பா? தள்ளுங்கக்கா."

கதவு திறந்தது. வாளிகளுக்கு நடுவே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி குந்தியிருந்தாள். மடியில் கிழித்த அட்டைப்பெட்டி. அதில் நேற்று நடத்திய எழுத்து, வரி வரியாக.

"அம்மா..." சிறுமி ஓடிவந்து ஜெகதீஸ்வரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்த முகத்தைப் பிரமிளாவுக்குத் தெரியும். பள்ளி திறந்த அன்று பார்த்தது. அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

பின்னாலேயே வந்திருந்த ஷேரன் பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க டீச்சர். பர்த் சர்டிபிகேட் இல்லன்னு நீங்க சேத்துக்காத பாப்பாதான்."