ஐந்து விநாடிப் பிடி

"மாமா என் காலைப் புடிக்கறதா? நான் மாட்டேங்க, ஆளை வுடுங்க."

அருணா கோணியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் திருமுருகனுக்குத் தலை சுற்றியது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயவைக்கும் களத்தில் கோணி விரித்து, அதில் குப்புறப் படுத்துப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம். விமானத்திலிருந்து குதித்து, இறக்கை வைத்த உடுப்பில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்காகப் பறக்கிற போட்டி. குப்புறப் பறந்தால் கீழே பறப்பவர், மேலே பறப்பவரின் காலை ஐந்து விநாடி பிடித்திருக்க வேண்டும். போட்டிக்கு இன்னும் ஒரே வாரம்.

"கனமான ஆளு கீழ, லேசான ஆளு மேல. அப்பா தொண்ணூறு கிலோ, நீ அம்பது. நான் கேமரா. இதுல எதை மாத்தறது?"

"மருமவ காலை மாமனார் புடிச்சா ஊரு சிரிக்கும்."

"பத்தாயிரம் அடி மேல எந்த ஊருடி இருக்குது?"

அவள் எழுந்ததுமே தானும் எழுந்துபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் எப்போதும்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட மாமனார் சுப்பராயலு தொண்டையைச் செருமினார். ராணுவத்தில் இருநூறு முறை பாராசூட்டில் குதித்தவர். ஒரு மெடல்கூட வாங்காமல் ரிட்டயர் ஆன ஏக்கம் மனிதரை அரித்துக்கொண்டிருந்தது. மகன், வீட்டில் சொல்லாமல் விழுப்புரம் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டதால், இரண்டு வருடமாக மருமகளோடு பேச்சில்லை. ஆனால் அவளைப் போலப் பறக்க இந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாதே, என்ன செய்வது?

"டேய், மெடலு வேணுமா வேணாமான்னு உன் பொண்டாட்டியக் கேளு."

"வேணும்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க," என்றாள் அருணா. "ரெண்டு பேரும் தலைகீழா பறக்கலாம். அப்ப அவரு காலு மேல வந்துடும், நான் புடிச்சிக்கிறேன். தலைகீழுக்கு மார்க்கும் ஜாஸ்தி."

பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் திருமுருகன் அதை வரி மாறாமல் ஒப்பித்தான்.

"மார்க்கு ஜாஸ்தின்னா சரிடா."

போட்டியன்று சுப்பராயலு தலைகீழாகப் பாய்ந்தார். அருணா மேலிருந்து வந்து அவருடைய இரண்டு கணுக்காலையும் கச்சிதமாகப் பிடித்தாள். பக்கத்தில் பறந்து படம் பிடித்த திருமுருகன் மனசுக்குள் எண்ணினான். ஐந்து ஆயிற்று, அவள் விடவில்லை. எட்டில் அவர் காலை உதறினார். பத்தில் இன்னும் பலமாக உதறினார். பன்னிரண்டில்தான் விட்டாள்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. மெடல் கழுத்தில் ஏறியதும் சுப்பராயலு நேராக மருமகளிடம் வந்தார்.

"ஏம்மா, அஞ்சு செகண்டுதான கணக்கு? நான் உதறிக்கினே இருக்கறேன், நீ உடவே இல்ல. பாராசூட்டை எப்பம்மா இழுக்கறது?"

இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது.

அருணாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"அஞ்சு போட்டிக்கு மாமா, மீதி எனக்கு. கல்யாணத்தன்னிக்கு, ரெண்டு பொங்கலு, ரெண்டு தீவாளி, எப்ப உங்க கால்ல வுழ வந்தாலும் ஜல்தியா காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கினீங்க. மேல நாற்காலி இல்லையே."