பாதி மேடை

வாசலில் வண்டி நின்றது. பெரியவளின் கட்டில் ஏறிவிட்டது. பீரோ ஏறிக்கொண்டிருந்தது.

சின்னவள் சமையலறையில் கையுறை மாட்டி நின்று, மேடைமேல் ஊற்றினால் பளபளவென்று இறுகும் எபாக்சிப் பிசினை டப்பாவில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே அவசரம். பெரியவள் படியிறங்குவதற்குள் இந்த மேடை பளபளக்க வேண்டும். அதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டேதான் அவள் போக வேண்டும்.

அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஒரே சமையலறை, ஒரே சிமெண்ட் மேடை, நடுவில் ஆணியால் கீறிய ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு.

புதுக் கல் பதிக்க வசதி இல்லை. ஆள் வைக்கவும் இல்லை. உப்புத்தாளால் தானே தேய்த்தாள், குழிகளுக்குப் பட்டி பார்த்தாள், வெள்ளை அடித்தாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. கையிலிருந்த காசுக்குப் பாதி மேடைக்கான பிசின்தான் கிடைத்தது. போதுமே, அவள் பங்கு பாதிதானே!

"ஊத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கக்கா, மட்டத்தை அதுவே பார்த்துக்கும்" என்று பெயிண்ட் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கோட்டின்மேல் ஒரு துணிச்சுருள் கிடந்தது. பழைய போர்வையைக் கிழித்துச் சுருட்டிப் பெரியவள் போட்டு வைத்தது. சின்னவள் அதை இடுக்கியால் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தாள்.

அந்தத் துணியைக் கண்டாலே அவளுக்கு உடம்பு பற்றி எரியும். என் பக்கத்துக் காற்றுகூட இவளுக்கு ஆகாதாக்கும்!

சண்டை தொடங்கியதும் ஒன்றுமில்லாத விஷயத்தில்தான். "நீ பாத்திரம் கவிழ்க்கிறப்பல்லாம் என் மாவு நனையுதுடி" என்றாள் பெரியவள் ஒருநாள்.

"மேடை மட்டமா கிடக்கு. தண்ணிக்குக் கால் முளைச்சா உங்க பக்கம் நடந்து வந்துச்சு? நீங்களே ஊத்திட்டு நாடகம் ஆடாதீங்கக்கா!"

சொன்னதோடு விட்டாளா? சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தாள். அண்ணனும் தம்பியும் கைகலக்காத குறை. அதன் பிறகுதான் அந்தத் துணி வந்தது. பெரியவள் பேச்சை நிறுத்தியதும் அதன் பிறகுதான். இப்போது வண்டியும் வந்து நிற்கிறது.

சின்னவள் பிசினை ஊற்றினாள்.

கண்ணாடி மாதிரி பரவியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிசின் நிற்கவில்லை.

தேன் வழிகிற மாதிரி, மெதுவாக, கோட்டைத் தாண்டியது.

நிறைய ஊற்றிவிட்டோம் போலிருக்கிறது என்று அட்டைத்துண்டால் இந்தப் பக்கம் வழித்துத் தள்ளினாள். திரும்பவும் போனது. மிச்சத்தைச் சுவரோரமாக, தன் பக்கத்துக் கடைசி மூலையில் ஊற்றினாள். அதுவும் வழி தெரிந்த மாதிரி நேராகப் பெரியவள் பக்கம்தான் நகர்ந்தது.

அங்கே கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரு மாவு டப்பா. பிசின் போய் அதன் அடியைத் தொட்டது.

சின்னவள் கையில் அட்டைத்துண்டு அப்படியே நின்றுவிட்டது.

டப்பாவை எடுக்கப் பெரியவள் உள்ளே வந்தாள்.

பார்த்தாள். மேடையைப் பார்த்தாள், சின்னவளைப் பார்க்கவில்லை. டப்பாவைத் தூக்கி முந்தானையால் அடியைத் துடைத்தாள்.

அப்படியே போயிருக்கலாம். பிசின் முழுவதும் வழிந்து தரையில் கொட்டியிருக்கும், பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

அவள் அந்தத் துணிச்சுருளை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். தினமும் செய்த கை அல்லவா, ஒரு சொட்டுக்கூடத் தாண்டவில்லை.

"இதையும் நான்தான் ஊத்தினேன்னு சொல்லிடாதடி" என்றாள்.

சின்னவள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். கையுறை முழுக்கப் பிசின்.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் பிசின் கல்லாக இறுகியிருந்தது. துணியும் அதோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் நெம்பியும் வரவில்லை.

சின்னவள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர் கவிழ்த்த இடத்திலேயே நின்றது. மேடை இப்போது நல்ல மட்டம். அந்தப் பக்கம் ஒரு சொட்டுப் போவதில்லை.

போனாலும், அங்கே நனைய எதுவும் இல்லை.