தொட்டது யார்?

“குட்டியை யார் தொட்டது?”

ஆய்வு மாணவி போட்ட சத்தத்தில், வாளியோடு உள்ளே வந்த பராமரிப்பு அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்குப் பிறந்த ஆட்டுக்குட்டி தூங்கும்போது அதன் மூளைக்கு ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளக்கிற அறை அது. தலையில் மெல்லிசாக ஒரு பட்டை கட்டியிருக்கும். குட்டி தானாகத் தூங்க வேண்டும். தட்டிக் கொடுக்கக் கூடாது, தடவக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு உதவப்போகிற வேலை என்பதால் பேராசிரியர் ரொம்பக் கறார். யாராவது தும்மினால்கூட “உஷ்!” என்பார். அவர் பெயரே உஷ் சார் என்றாகிவிட்டது.

“கருவியை ஓடவிட்டுட்டு நேத்து கொஞ்ச நேரம்தான் வெளியே போனேன். பட்டை விலகிப்போய் அளவு மொத்தமும் பாழ்! இதுதான் கடைசிக் குட்டி. இந்த மாசம் முடிக்கலேன்னா என் படிப்பே போச்சு.”

“இன்னிக்கு மறுபடி எடுக்கக் கூடாதாம்மா?”

“பிறந்த அன்னிக்கே எடுக்கணும். இன்னிக்கு அது பெரிய மனுஷன்! நேத்து நீங்கதானே இங்கே இருந்தீங்க? எந்நேரமும் செல்லம், தங்கம்னு கொஞ்சறதும் நீங்கதானே?”

அக்கா குட்டியைப் பார்த்தாள்.

“நான்தாம்மா. ரொம்பக் கத்துச்சு, மனசு கேக்கலை.”

“உங்க மனசுக்கு என் படிப்புதான் கிடைச்சுதா? சார் வரட்டும். இனிமே இந்த அறைக்குள்ளயே நீங்க வரக் கூடாது.”

“சரிம்மா.” அக்கா வாளியோடு வெளியே போனாள்.

சார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். இன்றைக்கு உஷ் வரவில்லை.

“அவங்க இல்லைம்மா. தொட்டது நான்.”

“நீங்களா சார்?”

“என் பேத்தி குறைமாசத்துல பிறந்து கண்ணாடிப் பெட்டியில கிடந்தா. பெத்தவளைக்கூடத் தொட விடலை. இந்தக் குட்டி கத்தினதும் கை தானாப் போயிடுச்சு. தப்புதான்.”

மாணவியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“பாப்பா இப்போ எப்படி இருக்கா சார்?”

“கடவுள் புண்ணியம். இன்னிக்குக் காலையில தூக்கிக்கலாம்னுட்டாங்க. என் விரலைப் பிடிச்சவ விடவே இல்லை!” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பக்கத்துப் பண்ணையில பேசிட்டேன். நாளைக்கு ஒரு ஆடு குட்டி போடுமாம். நீ போய் அள. நான் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

மாணவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நேரே குழாயடிக்கு ஓடினாள். அக்கா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிடுங்கக்கா. சார்தான் தொட்டார்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு அந்தப் பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

அக்கா தலை நிமிரவில்லை.

“சார் தொட்டார்னு சொன்னா, தொட்டுக்கிட்டே அவர் தேம்பித் தேம்பி அழுததையும் சொல்லணுமேம்மா.”